ஹாவொர்த்து மூர்நிலமும் பாட்ரிக் பிரான்ட்டி ஐயரும்

இங்கிலாந்தின் வடபாகத்தே யார்க்‌ஷயர் மாகாணத்தில் ஹாவொர்த்து என்னும் சிற்றூர் ஒன்று உளது. செங்குத்தாய் ஏறும் ஒரு தெருவும், தெருவின் தலையில் ஓர் ஆலயமும், ஆலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டமும், தோட்டத்தின் மேற்புறத்தே குருமனையும், அதன் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் மரமின்றிக் கிடக்கும் மேட்டுநிலமும் சேர்ந்ததே அவ்வூர். அம்மேட்டுநிலத்தை அந்நாட்டார் மூர் என வழங்குவர். ஐந்திணை வகுத்த நம் இலக்கண நூலார் அதனைக் கண்டிருப்பின், எத்திணையுள் அடக்குவது எனச் சிறிது மயங்கியே இருப்பர். மலை என்று கூறப் போதிய உயரம் இல்லை. காடு என்று கூற மரம் இல்லை. வயல் என்று கூற விளைவு இல்லை. ஆட்டு மந்தையும், ஹெதர் என்னும் குறுஞ்செடியும், காற்றும், மழையுமே அதன் செல்வம். ஆவணி மாதத்தில் அச்செடி பூக்குங்கால் மேடு முழுவதும் ஊதாநிறப் போர்வை போர்த்தது போலத் தோன்றும். ஏனைய மாதங்களில் கருமை கலந்த பழுப்பு நிறமே.

இந்நிலத்தில் நடப்பதற்கென்றே உலகின் பல பாகங்களினின்றும் மக்கள் வருகின்றனர். ஊரினின்று மேற்கே புறப்படும் பாதை, பண்டு கல் வெட்டி எடுக்கப்பெற்ற பெனிஸ்டன் குன்றின்மேல் ஏறுகின்றது. அங்கிருந்து நோக்கின் லோயர் லெய்த் நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கில் பளபளவெனத் தோன்றும். பின் பாதை சிற்றருவி ஒன்றனை அடைந்து, கற்பாலத்தால் ஓடையைக் கடந்து, மேலும் ஏறி, டாப் விதென்ஸ் என்னும் பாழடைந்த பண்ணைவீட்டைச் சேர்கின்றது. ஊரினின்று அவ்வீடு ஏறக்குறைய 3 மைல். 1965-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பென்னைன் நெடும்பாதையும் அவ்வீட்டை ஒட்டியே செல்கின்றது. அதன்வழியே தெற்கு நோக்கிச் செல்வார்க்கு வால்ஷா டீன் நீர்த்தேக்கங்கள் மூன்றும், வடக்கு நோக்கி இறங்குவார்க்குப் பாண்டன் நீர்த்தேக்கமும் எதிர்ப்படும். கைகாட்டி மரங்கள் சிலவற்றில் ஜப்பானிய எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது என்றால், வருவோர் எவ்வளவு தொலைவினின்று வருகின்றனர் என்பது விளங்கும்.

அவர் அனைவரும் வருவது சார்லட், எமிலி, ஆன் என்னும் மூன்று சகோதரியரின் பொருட்டேயாம். அவர்தம் நாவல்களை நம் கல்லூரி மாணவருள் அறியாதார் சிலரே. அச்சகோதரியரின் தந்தையாரை, மக்களைத் தனியே விட்டு அறைக்குள் அடைந்து கிடந்த கடுமுகக் கிழவர் எனப் பலர் எண்ணுகின்றனர். யான் ஈண்டு எழுதப் புகுவது அக்கிழவரின் வரலாற்றையே. இன்று அம்மூர்நிலத்தில் எத்திசை திரும்பினும் கரை கட்டித் தேக்கிய நன்னீர் காணப்படுகின்றது. அவர் காலத்தில் அதே மேட்டில் அதே மழை பெய்து வீணே ஓடிற்று. அடியிலிருந்த ஊரார் நாற்றமெடுத்த கிணற்று நீரைக் குடித்து மாண்டனர். மேட்டு நீரை ஊருக்குள் கொணர்வதற்காக முதுமையில் அவர் பட்ட பாட்டினை அப்பாதையில் நடப்போருள் எத்துணைப் பேர் அறிவரோ!

பாட்ரிக் பிரான்ட்டி 1777-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள் அயர்லாந்து தேசத்தில் டவுன் மாகாணத்தில் பிறந்தார். அந்நாள் அத்தேசத்துப் பெரியாராகிய பாட்ரிக் முனிவரின் திருநாளாதலின் அப்பெயர் இடப்பட்டது. பெற்றோர்க்குப் பிறந்த பதின்மருள் இவரே மூத்தவர். தந்தையார் கூலிக்கு உழைக்கும் ஏழை உழவர். இளமையில் கொல்லன் உலையில் உதவியாளராகவும், பின்னர்ச் சணல்நூல் ஆடை நெய்பவராகவும் வேலை செய்த இவர், தறியருகே நூலை விரித்து வைத்துத் தாமே கற்று, 16 வயதளவில் ஒரு சிறு பள்ளிக்கு ஆசிரியரானார். அவ்வூர்ப் பக்கத்துக் குருவாகிய டை ஐயர் தம் புதல்வர்க்கு இவரை ஆசிரியராக அமர்த்தி, உயர்கல்விக்கும் வழிகாட்டினார்.

1802-ஆம் ஆண்டில், தம் 25-ஆம் வயதில், கேம்பிரிட்ஜ் நகரத்துத் தூய யோவான் கல்லூரியில் இவர் சேர்ந்தார். செல்வர் பிள்ளைகள் செலுத்தும் சம்பளத்தைச் செலுத்த இயலாத மாணாக்கர் சைசர் என்னும் குறைந்த வகுப்பில் சேர்க்கப்படுவர். இவரும் அவ்வாறே சேர்க்கப்பட்டார். அதுகாறும் பலவாறு எழுதப்பட்டு வந்த தம் குடும்பப் பெயரைப் பிரான்ட்டி எனத் திருத்தமாக எழுதத் தொடங்கியதும் இங்கேதான். பிற மாணவர்க்குப் பாடஞ்சொல்லிப் பொருளீட்டியும் செலவு கட்டவில்லை. அப்போது அக்கல்லூரி ஆசிரியராயிருந்த ஹென்றி மார்ட்டின் என்பார் இவர் வறுமையைக் கண்டு இரங்கி, அடிமை வாணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்போர்சு என்பார்க்கு எழுதி உதவிப்பணம் கிடைக்கச் செய்தார். அந்த மார்ட்டினே 1805-இல் இந்தியாவுக்குக் கப்பலேறி, புதிய ஏற்பாட்டை உருது மொழியில் பெயர்த்த மார்ட்டின் ஐயர் ஆவார். இச்செய்தி நம்மவர் பலர்க்குப் புதிதாயிருக்கும்.

1806-இல் பட்டம் பெற்றுக் குருத்தொழிலை ஏற்ற இவர், எசெக்சு, ஷ்ராப்ஷயர் மாகாணங்களில் உதவிக்குருவாக இருந்துவிட்டு 1809-இன் இறுதியில் யார்க்‌ஷயர் வந்துசேர்ந்தார். ஹார்ட்ஸ்ஹெட் ஊரில் குருவாயிருந்த காலத்தே, 1812-இல், புதிய இயந்திரங்களால் வேலை இழந்த நெசவுத் தொழிலாளர் அப்பக்கத்து ஆலையொன்றைத் தாக்கினர். அவ்வாண்டின் முடிவிலேயே இவர் மரியா பிரான்வெல் என்னும் நங்கையை மணந்தார். பெண்மக்கள் ஐவரும் ஆண்மகன் ஒருவனும் பிறந்தனர். 1820-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் குடும்பத்துடன் ஹாவொர்த்துக்கு வந்த ஐயர், 41 ஆண்டுகள் அவ்வூரை விட்டு நீங்கவில்லை.

வந்த மறுவருஷமே மனைவியார் நெடுநாள் நோயுற்று இறந்தனர். கடைக்குட்டிக்கு அப்போது இரண்டு வயதும் நிரம்பவில்லை. மனைவியாரின் தமக்கையார் வந்து பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். 1825-இல், தொலைவிலிருந்த பள்ளியொன்றில் படிக்கச் சென்ற மூத்த பெண்கள் இருவரும் க்ஷயரோகம் பற்றி வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, ஆறு வாரத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர்.

அத்துயரத்துக்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்த ஒன்றனை இங்குக் கூறவேண்டும். 1824-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 2-ஆம் நாள் மாலை, ஏழு வயதுப் பிரான்வெல், ஆறு வயது எமிலி, நான்கு வயது ஆன் ஆகிய மூவரும் வேலைக்காரப் பெண்களுடன் மூர்நிலத்தில் உலாவச் சென்றிருந்தனர். வானம் திடீரெனக் கறுத்தது. இடியும் மின்னலும் மழையும் எழுந்தன. மாடிச் சாளரத்தருகே நின்று பிள்ளைகளை எதிர்நோக்கியிருந்த ஐயருக்குத் தொலைவில் வெடித்தாற்போல ஓர் ஓசை கேட்டது. வீடும் சிறிது நடுங்கிற்று. சில மைல்களுக்கப்பால் குரோ குன்றின் முகடு பிளந்து, சேறும் பாறையும் ஒரே பெருக்காகப் பாண்டன் பள்ளத்தாக்கில் பாய்ந்தன. பாலங்கள் உடைந்தன, வயல்கள் சேற்றில் ஆழ்ந்தன, ஆற்று நீர் நெடுந்தூரம் கலங்கிற்று. பிள்ளைகள் ஒருவாறு ஒதுங்கிப் பிழைத்தனர். பாண்டன் மாளிகையில் புகல் அடைந்தனர் என்பது அவ்வூர் வழக்கு.

ஐயர் இதனை நிலநடுக்கம் என்றே கருதிச் செய்தித்தாள்களுக்கு எழுதினார். பத்து நாள் கழித்து அதனைப் பற்றி ஆலயத்தில் பிரசங்கித்து, அப்பிரசங்கத்தை அச்சிட்டும் வெளியிட்டார். அவர் கருத்து தவறென இக்காலத்து அறிஞர் கூறுவர். மூர்நிலத்தின் மேற்பரப்பு வெறும் மண்ணன்று. பாசியும் புல்லும் பன்னெடுங்காலம் நீரில் ஊறி, முற்ற மக்காமல், அடுக்கடுக்காய்ப் படிந்ததே அது. பீட் எனப்படும் அப்படலம், கடற்பஞ்சு போல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்பினது. அளவுக்கு மிஞ்சி நீர் ஏறின், அது தன் பாரத்தாலேயே வழுக்கி உடைந்து சரியும். குரோ குன்றில் நேர்ந்தது இதுவே. காரணத்தில் ஐயர் பிழைத்தாரேனும், அம்மேடு எத்துணை நீரைத் தன்னுள் தாங்கி நிற்கின்றது என்பதை அவரைப்போல் நேரிற் கண்டவர் சிலரே இருப்பர்.

அவருடைய சேகரம் பரந்தது. ஹாவொர்த்து மட்டுமன்றி, ஸ்டான்பரி, ஆக்சன்ஹோப் முதலிய ஊர்களும், மேட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தனித்து நின்ற பண்ணைவீடுகளும் அதனுள் அடங்கும். இன்று உலாவுவோர் பொழுதுபோக்காக நடக்கும் பாதைகளிலே அவர் நோயாளியைக் காணவும், மரணப்படுக்கையில் ஜெபிக்கவும் நடந்தார். நடை அவருக்குத் தொழிலாகவும் இன்பமாகவும் இருந்தது. அவர் மக்களுக்கும் அப்பழக்கம் ஒட்டிக்கொண்டது. எமிலிக்கு அம்மேடே உலகமாயிற்று. தெருவைப் பார்க்கிலும் அவர் அருவிப் பாதையையே மிகுதியும் அறிந்திருந்தார் எனலாம்.

ஊரார் உயிரைக் காக்கும் சிறு செய்திகளிலும் ஐயர் கருத்தூன்றினார். பருத்தி உடையில் தீப்பற்றி இறந்த குழந்தைகள் நூற்றுக்குச் சற்றுக் குறையத் தாம் அடக்கம் செய்ததை எண்ணி, பிள்ளைகளுக்குக் கம்பளி உடையே உடுத்துமாறு 1844-இல் செய்தித்தாளில் எழுதினார். ஏழைகளை வருத்திய 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூட்டம் கூட்டினார். ஞாயிறு பள்ளிக்குக் கட்டிடம் எழுப்பினார்.

1842-ஆம் ஆண்டு நிகழ்ந்தது வேறு வகையான இழப்பு. வில்லியம் வெயிட்மன் என்னும் இளைஞர் மூன்றாண்டுகளாக அவருக்கு உதவிக்குருவாயிருந்தார், முகமலர்ச்சி உடையவர், குருமனைப் பெண்கள் அனைவர்க்கும் இனியவர். நோயாளிகளைக் காணச் சென்ற அவரை வாந்திபேதி பற்றிக்கொண்டது. செப்டம்பர் 6-ஆம் நாள், 28 வயதில், அவர் இறந்தார். ஐயர் அவரைத் தம் மகன் போலவே கருதியிருந்தமையால், அவர்க்காகச் செய்த நினைவுப் பிரசங்கத்தில் துக்கம் மேலிட்டது. வாந்திபேதி குடிநீர் வழியாகப் பரவுகின்றது என்பதை ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் எடுத்துரைத்தது 1849-இலும், லண்டன் நகரத்துத் தெருக்குழாயைக் காட்டி மெய்ப்பித்தது 1854-இலுமே. ஆகவே வெயிட்மனைக் கொன்றது யாது என்பதை அன்று அவ்வூரில் எவரும் அறிந்திலர்.

1846-இல் ஐயருக்குக் கண்புரை முற்றிப் பார்வை ஏறக்குறைய மறைந்தது. சார்லட் அவரை மான்செஸ்டர் நகருக்கு அழைத்துச் சென்று சத்திர சிகிச்சை செய்வித்தார். ஈதர் மயக்கமருந்து பாஸ்டன் நகரில் வெளிப்படையாகக் காட்டப்பெற்றது அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங் கழித்தேயாதலின், மருந்தின்றியே கண் அறுக்கப்பட்டது. 69 வயதுக் கிழவர் அசையாது கிடந்தார் என்ப. பார்வை மீண்டது. மீண்ட பார்வை கண்டதோ மக்களின் மரணத்தையே. 1848 செப்டம்பரில் பிரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதத்தில் ஆன், என எட்டு மாதத்தில் மூவர் இறந்தனர். சார்லட் ஒருவரே எஞ்சினார்.

ஆன் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. 72 வயதான ஐயர், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், ஊராரிடம் கையொப்பம் வாங்கி லண்டன் பொதுச் சுகாதார போர்டுக்கு விண்ணப்பம் ஒன்று அனுப்பினார். வரி செலுத்துவோருள் பத்தில் ஒரு பங்கினர் வேண்டினால், ஊரை ஆராய அதிகாரி ஒருவரை அனுப்பலாம் என 1848-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அச்சட்டத்தைக் கைப்பற்றியே அவர் இம்முயற்சியில் இறங்கினார். ஒன்று ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது: குருமனைக்குத் தனிக்கிணறு இருந்தது. அன்றியும் அவர் மக்களைக் கொன்ற க்ஷயரோகம் நீரால் வருவதன்று. கெட்ட நீரே அச்சகோதரியரைக் கொன்றது எனச் சிலர் எழுதுவது உணர்ச்சி மிகுதியால் எழுந்த கூற்றேயன்றி உண்மையன்று. தமக்கென ஒன்றும் வேண்டாத நிலையிலேயே அவர் பிறர்க்காக எழுதினார் என்பது என் துணிபு.

பல மாதங் கடந்தும் எவரும் வரவில்லை. ஐயர் மீண்டும் எழுதினார். 1850 ஏப்பிரலில் பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ் என்னும் அதிகாரி வந்தார். கணக்கிடும் இயந்திரத்தை முதன்முதல் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜின் மைந்தர் இவர். வீடு வீடாகப் புகுந்து இவர் எழுதிய அறிக்கை, படிப்போர் நெஞ்சை நடுக்குவது. ஊரில் சாக்கடை என்பதே இல்லை. கழிப்பிடங்கள் மொத்தம் 69. பல குடும்பங்களுக்கு ஒன்று. எருக்குழிகள் வாயிற்படியருகே நிரம்பி வழிந்தன. கம்பளி சீவுவோர் தொழிலின் பொருட்டு இரவும் பகலும் அடுப்பெரித்து, சாளரம் அடைத்த அறையிலேயே உண்டு உறங்கினர். நீருக்கோ 11 குழாய்க் கிணறுகள். அவற்றுள் இரண்டு பழுதானவை. பொதுக்கிணறு ஒன்றன் நீர் சில காலங்களில் பச்சை நிறமாகி நாறுதலின் மாடுகளும் குடிக்க மறுத்தன. கோடையில் ஊறும் நீர் போதாமையால், திங்கட்கிழமை துணி துவைக்க வேண்டிய ஏழைப் பெண்கள் விடியற்கு நெடுநேரம் முன்னரே எழுந்து சென்று காத்திருந்தனர்.

எல்லாவற்றினும் கொடியது கல்லறைத் தோட்டம். அது தெருவுக்கு மேலே உள்ளது. பத்தாண்டுகளில் 1,344 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். கிடத்தி வைத்த பெரும் பலகைக் கற்கள் நிலத்தை மூடியிருந்தமையால் காற்றும் புல்லும் புக இடமில்லை. மழைநீர் அப்பிணக்குழிகளினூடே ஊறி, தாழ்ந்திருந்த ஊரை நோக்கி இறங்கிற்று. இறந்தோர் வயதைக் கூட்டிச் சராசரி கண்டபோது 25.8 ஆண்டே வந்தது. நூற்றுக்கு 41.6 பேர் ஆறு வயது நிரம்புமுன் இறந்தனர். லண்டன் நகரத்தின் மிக வறிய சேரிகளுக்கு இது நிகர். ஆனால் அச்சேரிகளுக்கு மேலே மூர்நிலம் இல்லை, ஹாவொர்த்துக்கு இருந்தது. கூப்பிடு தூரத்தில், ஆண்டு முழுதும் மழையை ஏந்தி நிற்கும் அம்மேட்டினின்று ஒரு குழாய் இறக்கப்படவில்லை, அவ்வளவே குறை.

அதிகாரி கூறிய பரிகாரமும் எளியதே: மேட்டில் நீரைத் தேக்கிக் குழாய் வழியே வீடுதோறும் கொணர்க, சாக்கடை அமைக்க, கல்லறைத் தோட்டத்தை மூடுக. தடையாயிருந்தது காசு. தத்தம் நிலத்தில் நல்லூற்று உடைய செல்வர் சிலர், தமக்குத் தேவையற்ற நீருக்குத் தாம் ஏன் வரி தரவேண்டும் என முறையிட்டு, தங்கள் இடங்களைத் திட்டத்தினின்று விலக்குமாறு மனு அனுப்பினர். அவர் வாதம் சட்டத்துக்குப் பொருந்தலாம். பத்தாண்டில் 1,344 என்னும் எண்ணோடு பொருந்துமா? போர்டாரோ விரையவில்லை. ஐயர் ஓயாமல் கடிதம் எழுதினார். கல்லறைத் தோட்டம் 1856-இல் மூடப்பட்டது. நீர்த்தேக்கம் முடிந்தது 1858-இலேதான். விண்ணப்பம் சென்ற நாள்தொட்டு ஒன்பது ஆண்டுகள்! அவ்விடைவெளியில் ஐயர் எத்துணைக் குழந்தைகளை அடக்கம் செய்தாரோ, கணக்கிட மனம் வரவில்லை.

அன்று தொடங்கிய வேலை பின்னர்ப் பெருகிற்று. கீழ்ச்சமவெளியில் வளர்ந்த கீத்லி முதலிய ஆலை நகரங்களும் இம்மேட்டையே நாடின. 1870-களில் வாட்டர்ஷெடல்ஸ், பாண்டன் முதலிய நீர்த்தேக்கங்கள் எழுந்தன. இவை ஒரே வகையினவல்ல. வாட்டர்ஷெடல்ஸ் குடிப்பதற்கு, பாண்டன் ஆலைகளுக்கு. ஓடைநீரைக் குடிநீராக மறித்தால் ஆற்றங்கரை ஆலைகளின் சக்கரம் நிற்குமாதலின், ஈடாகத் தேக்கி அளவறிந்து ஆற்றில் விடும் நீர் அது. 1824-இல் சேறு பாய்ந்த அதே பள்ளத்தாக்கில் அந்நீர் இன்று அசைவின்றிக் கிடக்கின்றது. பழைய பாண்டன் மாளிகை மேலிருந்து அதனை நோக்குகின்றது. லோயர் லெய்த் 1925-இல் திறக்கப்பட்டது. எமிலி விரும்பிய அருவியின் ஓடை கீழிறங்கிச் சேர்வது அதனுள்ளேயே. அவ்வருவியருகே இருந்த கற்பாலம் 1989-இல் வெள்ளத்தால் அழிந்து மறுவருஷம் புதுக்கப்பட்டது. எனவே பாலத்தைக் கண்டு சகோதரியர் மிதித்த கல்லென உருகுவோர் சிறிது பொறுக்க.

ஐயரின் இறுதிக் காலத்தை இனிக் கூறுவோம். 1854-இல் தம் உதவிக்குருவாகிய ஆர்தர் நிக்கல்ஸ் என்பாரைச் சார்லட் மணக்க முதலில் கடுஞ்சினம் கொண்டு மறுத்தவர், பின் இசைந்தார். சினந்தது குற்றமே. மணமாகிய ஒன்பதாம் மாதத்தில், 1855 மார்ச்சு 31-ஆம் நாள், சார்லட்டும் இறந்தார். மகளின் வரலாற்றை எழுதுமாறு காஸ்கெல் அம்மையாரை வேண்டியவரும் ஐயரே. 1857-இல் வெளிவந்த அந்நூல் அவரை முரடராகக் காட்டிற்று. பணியாளர் கூறிய கதைகள் அதிற் பல இடம்பெற்றன. அக்கதைகள் பின்னைய பதிப்பில் நீக்கப்பட்டன. ஆயினும் முதற் பதிப்பு உண்டாக்கிய உருவமே இன்றும் பலர் மனத்தில் நிற்கின்றது. அவ்வம்மையாரை ஐயர் பகைக்கவில்லை. மகளைப் பற்றி எழுதியது நன்றாயிருந்தமையால் தம்மைப் பற்றியதைப் பொறுத்துக்கொண்டார். நிக்கல்ஸ் குருமனையிலேயே தங்கி, தாம் அளித்த வாக்கின்படி அவரைக் கடைசிவரை காப்பாற்றினார்.

1861-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள், மனைவியையும் மக்கள் அறுவரையும் முன்னே அனுப்பிய ஐயர், 84 வயதில் காலமானார். அடக்கத்துக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. தாமே விண்ணப்பித்துத் தொடங்கிய முயற்சியால் அங்கே அடக்கம் தடுக்கப்பட்டிருந்தது. ஆலயத்துக்குள்ளிருந்த குடும்பக் கல்லறையைத் திறப்பதற்கும் லண்டனிலிருந்து அரசாங்க மந்திரியின் தனி உத்தரவு வரவேண்டியதாயிற்று. உத்தரவு வந்தது. அடக்க நாளன்று ஊரிலுள்ள கடைகள் அடைக்கப்பட்டன; திரளாகக் கூடிய மக்கள் ஆலயம் கொள்ளாமல் வெளியே நின்றனர். மூன்றாண்டு கழித்து, 1864-இல், கல்லறைத் தோட்டத்தில் மரங்கள் நடப்பட்டன. இன்று மூர்நிலத்துக்கு ஏறுவோர் அம்மரங்களின் நிழலைக் கடந்தே பாதையைப் பிடிக்கின்றனர்.